ரசீதும் சீமைக் காரின் மூக்கும்

மேலப்பாளையத்தில் வந்து ரசீத் வீடு எது என்று கேட்டால், எந்த ரசீத் என்று திருப்பிக் கேட்பார்கள். தெருவுக்குத் தெரு ரசீத் இருக்கிற ஊர் அது. பாத்ரூம் கதவு ரசீத் என்று சொல்லிப் பாருங்கள்; டீக்கடையில் பேப்பர் படித்துக்கொண்டிருப்பவர் எழுந்து வந்து ஷெட் வாசல்வரை கொண்டுவிட்டுப் போவார். பட்டப்பெயர் அந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது. கேட்கும்போதெல்லாம் ரசீத் சிரித்துக்கொள்வார், ஆனால் அந்தச் சிரிப்பு உதட்டோடு சரி.

இளவயதில் சார்ஜாவில் ஒரு படகுப் பட்டறையில் ஃபைபர் வேலை கற்றுக்கொண்டவர் அவர். கண்ணாடி இழைப் பாயை அச்சில் விரித்து, அதன்மேல் ரெசின் என்கிற பிசினை ஊற்றித் தேய்த்து, இறுகிக் கல்லானதும் தட்டி எடுக்கிற வேலை. அங்கே அவர் கைப்பட்ட படகுகள் வெள்ளைவெளேரென்று கடலில் இறங்கும். கரையில் போகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். ஊருக்குத் திரும்பி சொந்தமாக ஷெட் போட்டதும், இதே கையால் என்னென்னவோ செய்து காட்டப்போகிறோம் என்று நினைத்தார். ஊர் அவரிடம் கேட்டது பாத்ரூம் கதவு. பிறகு தண்ணீர்த் தொட்டி. அதற்குப் பிறகு தொட்டிக்கு மூடி.

தொழில் நன்றாகத்தான் போயிற்று, அதைச் சொல்லவேண்டும். வீட்டுக்கு மாடி எடுத்தார், மகள் தஸ்மியாவைப் பாளையங்கோட்டையில் கல்லூரியில் சேர்த்தார். மனக்குறை என்று ஒன்றே ஒன்றுதான். அவர் செய்கிற எதையும் யாரும் பார்ப்பதில்லை. பாத்ரூம் கதவை நின்று ரசிக்கிற ஆள் உண்டா? போகிற அவசரத்தில் சாத்துவார்கள், வருகிற அவசரத்தில் திறப்பார்கள். மொட்டைமாடித் தொட்டியைக் காக்கை பார்க்கும். தான் செய்த ஒரு சாமான் தெருவோடு போகவேண்டும், போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று அதைப் பார்க்கவேண்டும், அவர்கள் பார்ப்பதைத் தான் ஓரமாக நின்று பார்க்கவேண்டும் என்று அவருக்கு ஓர் ஆசை. இதை மனைவி ஹமீது பீவியிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார். கதவுக்குச் சக்கரம் வைத்து விட்டால்தான் அது நடக்கும் என்று சொல்லிவிட்டு அவள் மீன் கழுவப் போய்விட்டாள்.

அப்படியிருக்க, பெருமாள்புரத்தில் ஒரு வீட்டுக்குக் கதவு மாட்டப் போனார். வீட்டுக்காரர் கோபாலசுப்பிரமணியன், வங்கியில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், கல்லிடைக்குறிச்சிக்காரர். கதவை மாட்டிவிட்டு வெளியே வந்த ரசீத், கார் நிறுத்துகிற இடத்தில் தார்ப்பாயால் மூடிய ஏதோ ஒன்றைக் கண்டார். தார்ப்பாயின் ஓரம் விலகியிருந்தது. சும்மா இருக்க முடியாத விரல் அவருக்கு. மடக்கித் தட்டிப் பார்த்தார். தகரச் சத்தம் வரவில்லை, டொக்கென்று கேட்டது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

“சார், இது நம்ம சரக்குல்லா” என்றார்.

கோபாலசுப்பிரமணியனுக்கு அந்த வார்த்தை காதில் தேனாகப் பாய்ந்தது. காரணம் இருக்கிறது. அந்தக் கார் அவருடைய சித்தப்பாவுடையது. சித்தப்பா மாஞ்சோலை எஸ்டேட்டில் உத்தியோகம் பார்த்தபோது, கப்பலேறி ஊருக்குப் போன வெள்ளைக்கார துரை ஒருவர் விட்டுப்போனது. இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது, மூக்கு மட்டும் காரில் பாதி நீளத்துக்கு நீண்டிருக்கும். உடம்பு முழுக்க ஃபைபர். ஒரு மழைக்காலத்தில் மரக்கிளை முறிந்து விழுந்து அந்த மூக்கு, அதாவது எஞ்சினை மூடுகிற பானெட், சுக்குநூறாகிவிட்டது. கோபாலசுப்பிரமணியன் டிங்கர் வேலைக்காரர்களை ஒவ்வொருவராகக் கூட்டிவந்து காட்டினார். தகரமாக இருந்தால் தட்டலாம், இதை எங்கே தட்ட என்று வந்தவர்களெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். உடைந்த துண்டுகளைச் சித்தப்பாவின் பழைய வேட்டி ஒன்றில் மூட்டை கட்டிப் பரணில் போட்டுவைத்திருந்தார் மனிதர். மற்ற வீட்டில் குழந்தையின் தொட்டில் சேலையை வைத்திருப்பதுபோல.

இன்னொரு காரணமும் இருந்தது. அவருடைய ஒரே மகள் ஸ்னேகாவுக்கு ஐப்பசியில் கல்யாணம். கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம் மாப்பிள்ளையைக் கோட்டு சூட்டோடு திறந்த காரில் உட்காரவைத்து, நாதஸ்வரம் முழங்கக் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு அழைத்துவருவது அவர்கள் வழக்கம், ஜானவாசம் என்பார்கள். என் மாப்பிள்ளை இந்தக் காரில்தான் வரவேண்டும் என்று ஸ்னேகா பாவாடை கட்டுகிற வயதிலேயே சொல்லிவைத்திருந்தாள். எஞ்சினைப் பாக்கியசீலன் என்ற மெக்கானிக் எப்படியோ உயிர்ப்பித்துவிட்டார். மூக்கில்லாமல் மாப்பிள்ளையை ஊர்வலம் விடமுடியாதே.

மூட்டையை அவிழ்த்துப் பார்த்த ரசீத் அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். கொடுத்த பிறகுதான், கார் வேலையைத் தான் தொட்டதே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆனாலும் வண்டியில் வீடு திரும்பும்போது அவர் மனசு ஜானவாசத் தெருவில் போய் நின்றுகொண்டது. நாதஸ்வரம், விளக்கு, கூட்டம், நடுவில் தன் கையால் செய்த மூக்கு. கேட்டதெல்லாம் ஒரே பொட்டலமாகக் கிடைத்துவிட்டது அவருக்கு.

வேலை இப்படி. முதலில் உடைந்த துண்டுகளையெல்லாம் சேர்த்து ஒட்டி, காணாமல்போன இடங்களைப் பட்டி வைத்து நிரப்பி, பழைய மூக்கை அப்படியே மறுபடி உருவாக்கவேண்டும். இதற்குப் பேட்டன் என்று பெயர். பேட்டன்மேல் ஃபைபர் போர்த்தி எடுத்தால் அச்சு. அச்சுக்குள் மறுபடி ஃபைபர் போட்டு எடுத்தால் புது மூக்கு. ஒட்டுப்போட்ட பழைய துண்டு ரோட்டில் ஓடுகிற காரின் அதிர்வைத் தாங்காது என்பதால் புதிதாகத்தான் எடுக்கவேண்டும். பேட்டன் நல்லபடியாக வெளியே வந்துவிட்டால், சித்தப்பாவின் துண்டுகளும் அப்படியே கோபாலசுப்பிரமணியன் கைக்குத் திரும்பிவிடும். அதை அவர் கூடத்தில் சுவரில் மாட்டப்போவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு அவர் மனைவி கோமு சம்மதித்தாரா என்பது வேறு விஷயம்.

ஆடி போய் ஆவணி வந்தது, ஆவணியும் போயிற்று. ரசீத் கதவு வேலைகளையெல்லாம் தள்ளிப்போட்டார். கதவுக்குச் சொல்லி வைத்தவர்கள் வாசலில் வந்து கத்திவிட்டுப் போனார்கள். அவர் பட்டியை வைப்பார், உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார், மறுபடியும் வைப்பார். கோபாலசுப்பிரமணியன் தினமும் வந்து, கவிழ்த்துப் போட்ட ஒரு தொட்டியின்மேல் உட்கார்ந்துகொள்வார். முதலில் கார் பேச்சாக இருந்தது. பிறகு மகளைக் கட்டிக்கொடுப்பது பற்றியும், சர்க்கரை மாத்திரை பற்றியும், பேச்சு எங்கெங்கோ போனது. சார் வராத நாளில் ரசீத்துக்குக் கை ஓடவில்லை. பாடிக்கொண்டே வேலை செய்யும் வழக்கமும் புதிதாக வந்து ஒட்டிக்கொண்டது. அந்தக் குரலுக்கு ஷெட் கதவைச் சாத்திவைக்கும்படி ஹமீது பீவி ஆளனுப்பினாள்.

புரட்டாசியில் பேட்டன் தயார். கறுப்புப் பெயின்ட் அடித்து, முகம் பார்க்கும்படி மினுக்கிவிட்டார். கடைசியில் மெழுகு. இந்த மெழுகுதான் வேலைக்கே உயிர். மெழுகைத் தேய்த்துக் காயவிட்டுத் துடைத்து, மறுபடி தேய்த்துத் துடைத்து, இப்படி ஏடு ஏடாக ஏற்றிவைத்தால்தான் போர்த்துகிற ஃபைபர் ஒட்டாமல் கழன்று வரும். மெழுகில்லையென்றால் பேட்டனும் அச்சும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு ஒரே பாறையாகிவிடும். அந்த மெழுகை ரசீத் மனசார ஏற்றிவைத்தார். மறுநாள் ஆயுதபூஜை. காயல்பட்டினத்தில் சொந்தத்தில் ஒரு நிக்காஹ் இருந்ததால், மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்விட்டார். மூட்டுவலி என்று ஹமீது பீவி வீட்டிலேயே இருந்துவிட்டாள்.

அன்று கோபாலசுப்பிரமணியன் பொரி, கடலை, எலுமிச்சம்பழம், சந்தனக் கிண்ணம் சகிதம் வந்து நின்றார். ஆயுதபூஜைக்கு வண்டியைக் கழுவிப் பொட்டு வைக்காமல் இருக்க முடியுமா? காரின் மற்ற உடம்பை வீட்டில் குளிப்பாட்டிவிட்டார். மூக்கு மட்டும் இங்கே இருக்கிறதே. ஹமீது பீவி சாவியைக் கொடுத்தாள், வாளியில் தண்ணீர் கொடுத்தாள், சோப்புத்தூளும் கொடுத்தாள். உள்ளே போய்த் தடவிப் பார்த்தவருக்குக் கையில் ஏதோ வழவழவென்று பிசுக்கு ஒட்டியது. ஐயோ பாவம், பாய்க்கு இதைத் துடைக்க நேரமில்லைபோல என்று நினைத்துக்கொண்டார். சித்தப்பா சொல்லிக்கொடுத்த வழக்கப்படி பெட்ரோல் நனைத்த துணியால் அழுத்தித் துடைத்து, சோப்பு போட்டுத் தேய்த்து அலம்பி, உலர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுத் திருப்தியாக வீட்டுக்குப் போனார். போகிறபோது ஹமீது பீவிக்கும் ஒரு பொட்டலம் பொரி கொடுத்தார்.

மறுநாள் காலையில் ஷெட்டைத் திறந்த ரசீத், பேட்டன் நெற்றியில் பொட்டைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டார். ஈரத்துணியால் பதமாக அதை ஒற்றி எடுத்தார். பேட்டன் முன்னைவிடப் பளபளத்தது. எல்லாம் சாரின் கைராசி என்று எண்ணிக்கொண்டு பிசினைக் கலக்கினார். பாய்மேல் பாயாக அன்று முழுதும் போர்த்தினார். சந்தேகப்பட அவருக்கு ஒரு காரணமும் இல்லை; மெழுகு போட்டது அவருடைய கைதானே.

அச்சு இறுகியபின் கழற்றுகிற நாள். கோபாலசுப்பிரமணியன் பக்கத்தில் நிற்க, ரசீத் ஓரத்தில் மர ஆப்பைச் செருகி பைய ஒரு தட்டு தட்டினார். அசையவில்லை. வேறு ஓரத்தில் தட்டினார். ரப்பர்ச் சுத்தியலால் சுற்றிலும் தட்டிக்கொண்டே வந்தார். எங்கே தட்டினாலும் ஒரே கட்டிச் சத்தம். ரசீத்தின் நெற்றி வேர்த்தது. பிடரியில் கை வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருஷத்தில் கதவுகூட அவருக்கு இப்படி ஒட்டியதில்லை.

“சாரைத் தவிர ஷெட்டுக்கு வேற யாரு வந்தா?” என்று வீட்டைப் பார்த்துக் கேட்டார்.

ஹமீது பீவி எட்டிப் பார்த்தாள். “யாரு வருவா? பூசையன்னிக்கு சார்தான் வந்தாவ. வாளி கேட்டாவ, குடுத்தேன். ஒங்க ஷெட்டுக்குள்ள மொத மொதல்ல துப்புரவா ஒரு வேலை நடந்துச்சுன்னா அது அன்னிக்குத்தான். பெட்ரோல் போட்டுல்லா தொடச்சாவ.”

பெட்ரோல் என்ற வார்த்தை விழுந்ததும் ரசீத் மெல்ல அந்தக் கவிழ்த்த தொட்டியில் உட்கார்ந்துவிட்டார். கோபாலசுப்பிரமணியன் இரண்டு பேர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். விஷயம் புரிய அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் முகம் செத்துப்போயிற்று. அவரைத் திட்டவேண்டும் என்று ரசீத்துக்கு நெஞ்சுவரை வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் திட்ட யாருக்கு மனசு வரும்? மெழுகு போட்டிருக்கிறது, தொடாதீர்கள் என்று தான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருக்கலாமே என்றும் தோன்றியது.

கைவசம் ஒரு வழி மிச்சமிருந்தது. வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சட்டென்று குளிர்ந்த தண்ணீரில் முக்கினால், இரண்டு உடம்பும் வேறுவேறு வேகத்தில் சுருங்கி, சிலசமயம் விட்டுக்கொடுக்கும். சார்ஜாவில் அப்படிச் செய்து பார்த்திருக்கிறார். ஷெட்டில் அவ்வளவு பெரிய தொட்டிக்கு எங்கே போவது? தொட்டி செய்கிறவர்தான், ஆனால் கைவசம் இருந்தது சார் உட்காருகிற அந்தச் சின்னத் தொட்டி ஒன்றுதான். குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டியில் ஏற்றிக் கருப்பந்துறைக்குக் கொண்டுபோய், உச்சிவெயிலில் மணலில் போட்டுக் காய்ச்சி, தாமிரபரணியில் இறக்கினார்கள்.

ஆற்றில் குளித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும். சோப்பு நுரையோடு அத்தனை பேரும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அங்கன தட்டுங்க என்றார், இன்னொருவர் இங்கன தட்டினால்தான் வரும் என்றார். துணி துவைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இது என்ன மீன் என்று கேட்டாள். நாலுபேர் ஒருபக்கமும் நாலுபேர் மறுபக்கமும் பிடித்து இழுக்க, படாரென்று ஒரு சத்தம். ஓரமெல்லாம் விட்டுவிட்டது. கூட்டம் கைதட்டியது. ஆனால் நடுப்பாகம், பெட்ரோல் துணியால் சார் மிக நன்றாக அழுத்தித் துடைத்த இடம், விடவேயில்லை. மறுபடி காயவைத்து மறுபடி முக்கியும் பார்த்தார்கள். பொழுது சாயத் தொடங்கியதும் உதவிக்கு வந்தவர்கள் தலையைத் துவட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மணலில் இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். இனி ஏதாவது ஒன்றை உடைத்தாகவேண்டும். அச்சை உடைத்தால் சித்தப்பாவின் துண்டுகள் பிழைக்கும். ஆனால் ஐப்பசி மழைக்குமுன் இன்னொரு அச்சு எடுக்க நேரமில்லை, கார் ஊர்வலத்துக்குப் போகாது. பேட்டனை உள்ளிருந்து கொத்தி எடுத்தால் அச்சு பிழைக்கும், புது மூக்கு பிறக்கும். ஆனால் பழைய துண்டில் ஒன்றுகூட மிஞ்சாது. நிலைமையை உள்ளபடி சொன்னார் ரசீத். சொல்லும்போதே அவர் மனசு எந்தப் பக்கம் இழுத்தது என்பது அவருக்குத் தெரியும். அதனாலேயே எதிர்ப்பக்கம் பேசினார்.

“ஒங்க சித்தப்பா சாமான் சார் அது. எனக்கு என்ன, கதவு செஞ்சு பொழச்சுக்கிடுவேன். அச்சையே ஒடச்சிருதேன்.”

கோபாலசுப்பிரமணியன் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். கருவிப் பையைத் திறந்து உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, மூக்கின் உட்புறம் குனிந்தார்.

“நான் அலம்பினது பாய். நானே உடைக்கறேன். நீங்க எங்க தட்டணும்னு மட்டும் சொல்லுங்கோ.”

முதல் அடி சரியாக விழவில்லை. இரண்டாவது அடியில் ஒரு துண்டு பெயர்ந்து வந்தது. அவர் கண் கலங்கியதை ரசீத் பார்த்தார். பார்க்காததுபோல அடுத்த இடத்தை விரலால் காட்டினார். சொந்தத் தம்பியிடம்கூட அவருக்கு அப்படி ஒரு பிரியம் வந்ததில்லை. கொஞ்சநேரம் கழித்துத் தானும் ஓர் உளியை எடுத்துக்கொண்டு மறுபக்கம் உட்கார்ந்தார். இருட்டுவதற்குள் அச்சு சுத்தமாக வெளியே வந்துவிட்டது. அங்கங்கே ஒட்டியிருந்த கறுப்புப் பெயின்டைத் தேய்த்து எடுத்தால் போதும்.

இந்தமுறை மெழுகு போட்டபின் ஷெட் சாவி ரசீத்தின் இடுப்பில் தொங்கியது. புது மூக்கைப் போர்த்தத் தொடங்கவும் மழை தொடங்கியது. ஈரக்காற்றில் பிசின் இறுகவே மாட்டேன் என்றது, தொட்டால் விரலில் ஒட்டியது. ரசீத் சுற்றிலும் பெரிய பல்புகளைக் கட்டித் தொங்கவிட்டார். அதுவும் போதாமல், மகள் தஸ்மியா முடி உலர்த்துகிற மெஷினைக் கேட்டு வாங்கி, ஓரமெல்லாம் சூடு காட்டிக்கொண்டு நின்றார். தலை ஈரத்தோடு கல்லூரிக்குப் போன தஸ்மியா, இந்த மூக்குக்குச் சளி பிடித்தாலும் மாத்திரை தன் காசில்தானா என்று கேட்டுவிட்டுப் போனாள். ஆனால் அச்சிலிருந்து அது ஒரு தட்டுக்குக் கழன்று வந்தபோது, ரசீத், ஹமீது பீவி, தஸ்மியா மூன்று பேரும் ஷெட்டுக்குள் நின்று பார்த்தார்கள். பச்சைப் பெயின்ட் அடித்துக் காரில் மாட்டியபோது ஒரு நூல் இடைவெளி இல்லை. பாக்கியசீலன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “என்னவே, இது சீமையில வாங்குன மாதிரில்லா இருக்கு” என்றார். ரசீத் அன்று ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார், மனசே நிறைந்திருந்தது.

ஜானவாசத்தன்று மழை விட்டிருந்தது. ரசீத் எங்கே நிற்பது என்று இரண்டு நாளுக்கு முன்பே பாளையங்கோட்டையில் தெருவை அளந்துவிட்டு வந்திருந்தார். ஒரு ஜூஸ் கடை வாசல், சற்று மேடான இடம், கடை விளக்கு நேராக ரோட்டில் விழும். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் அங்கே நின்றுகொண்டார். பக்கத்தில் ஹமீது பீவி, மூட்டுவலியோடு. காரைப் பார்க்கப்போவதில்லை, அதைப் பார்க்கிற முகங்களைத்தான் பார்க்கப்போகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தார்.

நாதஸ்வரம் முதலில் வந்தது. அதன் பின்னால் கார் திரும்பியது. பாக்கியசீலன் ஓட்ட, மாப்பிள்ளை ஸ்ரீராகவ் கோட்டு சூட்டோடு, சீட்டில் கால் வைத்து, அதன் முதுகின்மேல் உயர உட்கார்ந்திருந்தான். அவன் காலைச் சுற்றிக் குழந்தைகள் திணித்துவைத்ததுபோல நின்றார்கள். பச்சை மூக்கு விளக்கில் பளபளவென்று வந்தது. ஜூஸ் கடைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். அங்கே பாருங்கள், மூக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பியது. வேகமாக ஓடுவதற்கென்று செய்த எஞ்சின் அது. நாதஸ்வரக்காரர் நடைக்கு ஊர்ந்து ஊர்ந்து வந்ததில் கொதித்துவிட்டது. கார் நின்றுவிட்டது.

ரசீத் மேட்டிலிருந்து குதித்து ஓடினார். பானெட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றினார்கள். பாக்கியசீலன் குனிந்து பார்த்துவிட்டு, கார் போகும், ஆனால் மூடி போட்டால் மறுபடி கொதிக்கும், காற்றுப்பட்டால் மண்டபம்வரை தாங்கும் என்று தீர்ப்புச் சொன்னார். அதாவது மூக்கைக் கழற்றவேண்டும். ரசீத்தின் நெஞ்சில் ஏதோ கழன்று விழுந்தது. இத்தனை மாதப் பாடு, ஆற்று மணலில் அழுதது, எல்லாம் இதற்கா? ஸ்பேனரை வாங்கித் திருகாணிகளைக் கழற்றினார்.

கழற்றியதை எங்கே வைப்பது? ஜூஸ் கடை வாசலில் சாய்த்துவைக்கலாம் என்றார்கள். கூட்டத்தில் எவனாவது கீறிவிடுவான் என்று ரசீத் மறுத்துவிட்டார். ஆட்டோவில் நுழையவில்லை. சரி, தலையில் தூக்கிக்கொண்டு வருகிறேன் என்று முன்பக்கத்தைத் தூக்கினார். நீளமான சாமான், பின்பக்கம் தரையில் இழுபட்டது. அதைப் பிடிக்க வந்தது யார் என்கிறீர்கள்? பெண்ணைப் பெற்றவர். பட்டு வேட்டி, அங்கவஸ்திரத்தோடு கோபாலசுப்பிரமணியன் பின்பக்கத்தை ஏந்தித் தலைக்குக் கொண்டுபோய்விட்டார். சம்பந்திகள் பார்க்கிறார்கள் என்று கோமு கையைப் பிசைந்தார். இது நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உடைத்து எடுத்த மூக்கு, சேர்ந்தே சுமக்கிறோம் என்று மூக்குக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது. காருக்குப் பின்னால் பெண்கள் கூட்டம் நெருக்கியதால், முன்னால்தான் இடம் கிடைத்தது. நாதஸ்வரம், அதன்பின் மூக்கு, அதன்பின் மூக்கில்லாத கார் என்று ஊர்வலம் மறுபடி புறப்பட்டது.

மூக்கு ரசீத்தின் தோள்வரை இறங்கி மூடிக்கொண்டது. அவருக்கு ரோடு தெரிந்தது, தன் செருப்பு தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. தெரு முழுக்கச் சத்தம். அது என்ன, படகா என்று ஒரு குரல். காரோட மூக்குலே, அங்கன பாரு என்று இன்னொரு குரல். ரோட்டோரம் போய்க்கொண்டிருந்த கால்கள் நின்றன. ரப்பர்ச் செருப்பு நின்று இந்தப் பக்கம் திரும்பியது. சலங்கை போட்ட ஒரு குழந்தையின் கால் துள்ளிக்கொண்டு கூடவே ஓடிவந்தது. போலீஸ்காரரின் பூட்ஸ் ஜோடி ஒன்று அகன்று நின்றது. கால்களைத் தவிர வேறெதையும் பார்க்க முடியவில்லையே என்று ரசீத்துக்கு அழுகை அழுகையாக வந்தது, சிரிப்பும் வந்தது.

அப்போது அவருக்குத் தெரிந்த ஒரு ஜோடிக் கால்கள், வலது காலைச் சற்று இழுத்துக்கொண்டு, பக்கத்தில் வந்து சேர்ந்து நடந்தன.

“என்னங்க, எல்லாரும் பாக்காவ” என்றாள் ஹமீது பீவி.

“யாரு யாரு?”

“ஜூஸ் கடைக்காரன் கடைய விட்டு எறங்கி வந்துட்டான். மாடியில எல்லாம் பொம்பளைவ நிக்காவ. பஸ்ஸுல இருந்து தலையை நீட்டுதாவ. மாப்பிள்ளையே ஒங்களத்தான் பாத்துக்கிட்டு வாரான்.”

“போய்க்கிட்டே பாக்காவளா, நின்னு பாக்காவளா?”

“நின்னுதான்.”

ரசீத் தலையிலிருந்த மூக்கை ஒருமுறை நேராகப் பிடித்துக்கொண்டார். மூக்குக்குள் அவர் மூச்சு விடுகிற சத்தம் அவருக்கே பெரிதாகக் கேட்டது. பின்னாலிருந்து கோபாலசுப்பிரமணியன், மண்டபம் இன்னும் எவ்வளவு தூரம் பாய், கொஞ்சம் எட்டி நடக்கலாமா என்று கேட்டார்.

“என்ன அவசரம் சார்” என்றார் ரசீத். “இன்னும் கொஞ்சம் பைய நடங்க.”